நூறு வரை சொல்கிற குழந்தைக்கு எண்ணத் தெரியுமா?

வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், மூன்று வயதுப் பிள்ளையை ஹால் நடுவில் நிறுத்தி, "மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு" என்போம். பிள்ளையும் ஒரே மூச்சில் இருபது வரை போய், நடுவில் பதினாலையும் பதினாறையும் விழுங்கிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு ஓடிவிடும். "நம்பரெல்லாம் நல்லா தெரியும்" என்று நமக்கும் பெருமை. அதே பிள்ளையிடம் மறுநாள், "கூடையிலேர்ந்து நாலு வெங்காயம் எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். கை கொள்கிற மட்டும் அள்ளிக்கொண்டு வரும். ஏழு இருக்கும், ஒன்பது இருக்கும். "நாலுதானே கேட்டேன்?" என்றால், "இதான் நாலு" என்று நீட்டும்.

பிள்ளை குறும்பு பண்ணவில்லை. அதற்கு 'நாலு' என்ற சொல் தெரியும், அது மூன்றுக்குப் பிறகு வரும் என்பதும் தெரியும். அந்தச் சொல் எவ்வளவைக் குறிக்கிறது என்பது மட்டும் இன்னும் தெரியாது. இப்படி ஒரு கட்டம் உண்டு என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் "இருபது வரை வந்தாச்சு, அடுத்து ஐம்பது" என்று நீட்டிக்கொண்டே போகிறோம். பள்ளிக்கூடச் சேர்க்கைக்குப் போனால் அங்கேயும் "எது வரைக்கும் சொல்வான்?" என்றுதான் கேட்கிறார்கள்.

'எண்ணத் தெரியும்' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் தனித்தனியான பல திறமைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால், வீட்டிலும் வாசலிலும் பிள்ளையோடு என்ன செய்யலாம் என்பது தானாகவே புரியும்.

## பந்தியில் நடக்கிற கணக்கு

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டாயிற்று, ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. கடைசியில் இரண்டு இலை காலியாகக் கிடந்தால் ஆட்கள் குறைவு. இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தால் இலை குறைவு. யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் இலை என்று பொருத்திப் பார்த்ததிலேயே விடை வந்துவிட்டது.

எண்ணுவதும் அடிப்படையில் இதுதான். இலைக்குப் பதில் சொல். ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். இதற்கு ஒன்றுக்கொன்று பொருத்துதல் என்று பெயர். எந்தப் பொருளும் விடுபடக் கூடாது, எதற்கும் இரண்டு சொல் விழக் கூடாது. கூடவே, சொற்களும் தினமும் ஒரே வரிசையில் வர வேண்டும். இன்றைக்கு 'மூணு, நாலு, அஞ்சு', நாளைக்கு 'மூணு, அஞ்சு, நாலு' என்றால் வேலைக்காகாது.

வரிசை சீக்கிரம் வந்துவிடுகிறது. பாட்டு மனப்பாடம் ஆவதுபோலத்தான் அதுவும் ஆகிறது. பொருத்துவதற்குத்தான் நாள் பிடிக்கும். பிள்ளை எண்ணும்போது விரலையும் வாயையும் சேர்த்துக் கவனியுங்கள். விரல் ஓரிடத்தில் இருக்கும், வாய் இரண்டு எண் தாண்டியிருக்கும். சிலநேரம் விரல் முந்திக்கொள்ளும். 'ஒம்...போது' என்று இழுக்கும்போது இரண்டு பொருளைத் தொட்டுவிடும். வட்டமாக வைத்த பொருள்களை எண்ணச் சொன்னால், எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்து சுற்றிச் சுற்றி வரும்.

இதற்குத் திட்டுவதில் பயனில்லை, வழி வேறு. எண்ணியதும் நகர்த்தி வைக்கக்கூடிய பொருளாகக் கொடுங்கள். இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு ஒவ்வொரு புளியங்கொட்டையாகப் போட்டு எண்ணினால், எண்ணியது எது, எண்ணாதது எது என்பதைப் பிள்ளை தலைக்குள் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் அச்சடித்த பத்து ஆப்பிளை எண்ணுவது இதைவிடக் கடினம், அவை நகராதே. சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற எண் புத்தகங்கள் முக்கால்வாசி அந்தக் கடினமான இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

இதுவரை பார்த்தது: எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு திறமை, சொல்லையும் பொருளையும் பொருத்துவது இன்னொன்று. முதலாவது வந்துவிட்டதால் இரண்டாவதும் வந்துவிட்டது என்று ஆகாது.

## கடைசியில் சொன்ன எண்

பொருத்துவதும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கொட்டையைப் பிள்ளை அழகாகத் தொட்டுத் தொட்டு 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு' என்கிறது. உடனே, "சரி, எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் 'அஞ்சு' என்று சொல்ல மாட்டார்கள். மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள். திரும்பவும் கேட்டால் திரும்பவும் எண்ணுவார்கள். 'எத்தனை' என்றால் 'எண்ணு' என்று அவர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள். எண்ணியதன் விடை தங்கள் வாயிலேயே இருக்கிறது என்பது தெரியாது.

நமக்கு இது எவ்வளவு பழகிப்போன விஷயம் என்றால், இதில் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது என்றே தோன்றாது. கடைசியாகச் சொன்ன எண், கடைசிப் பொருளின் பெயர் மட்டுமல்ல. மொத்தக் கூட்டத்தின் அளவு. 'அஞ்சு' என்று தொட்டது ஒரு கொட்டையைத்தான், ஆனால் 'அஞ்சு' என்பது எல்லாக் கொட்டைக்கும் சேர்த்து. யோசித்துப் பார்த்தால் விநோதமான ஏற்பாடுதான். இதைத் தொகை விதி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க உளவியலாளர்கள் ரோஷல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் இருவரும் 1978-ல் குழந்தைகளின் எண்ணறிவு பற்றி எழுதிய நூலில், எண்ணுதலுக்கு அடியில் ஐந்து விதிகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். மாறாத வரிசை, ஒன்றுக்கொன்று பொருத்துதல், தொகை விதி ஆகியவை அவற்றில் முதன்மையானவை. எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பொருளிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பவை மற்ற இரண்டு.

குழந்தைகளுக்கு இந்த விதிகள் ஆரம்பத்திலிருந்தே ஓரளவு தெரியும் என்பது அவர்கள் கட்சி. 1990-களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற உளவியலாளர் வேறு விதமாகச் சோதித்தார். எண்ணச் சொல்லவில்லை, கொடுக்கச் சொன்னார். ஒரு பொம்மைக்கு "மூன்று கொடு", "ஐந்து கொடு" என்று கேட்பார். நம் வெங்காயக் கூடைச் சோதனையேதான். அதில் தெரிந்தது ஒரு படிவரிசை.

முதல் கட்டத்தில் பிள்ளை 'ஒன்று' கேட்டால் சரியாக ஒன்று கொடுக்கும். வேறு எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுக்கும். சில மாதம் கழித்து 'இரண்டு' பிடிபடும், அதற்குமேல் கைப்பிடிதான். மறுபடி சில மாதம், 'மூன்று' வரும். அதன்பிறகு ஒரு நாள், நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றாகக் காத்திராமல், தனக்கு எண்ணத் தெரிந்த எந்த எண்ணைக் கேட்டாலும் பிள்ளை எண்ணி எடுத்துக் கொடுக்கிறது. தொகை விதி பிடிபட்ட நேரம் அது. முதல் படியிலிருந்து இங்கே வந்து சேர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. அவர் பார்த்த பிள்ளைகளில் பலருக்கு மூன்றரை வயதுவாக்கில் இது நடந்தது.

கைப்பிடி அள்ளிக் கொடுத்த அதே பிள்ளைகள் வாயால் பத்து வரை தவறில்லாமல் எண்ணக்கூடியவர்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். கையில் எண்ணும் கருவி இருக்கிறது, அது எதற்கு என்று தெரியவில்லை.

வயதைப் பார்த்துப் பதற வேண்டாம். பொலிவியாவில் காட்டை ஒட்டி விவசாயமும் வேட்டையுமாக வாழும் சிமானே மக்களின் குழந்தைகளிடம் இதே சோதனையைச் செய்து 2014-ல் வெளியிட்டார்கள். படிகள் அதே வரிசையில்தான் வந்தன, வயது மட்டும் தள்ளிப்போயிருந்தது. எண்ணைச் சுற்றி எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பதைப் பொறுத்துக் காலம் முன்பின் ஆகும். ஒரே தெருவில், ஏன் ஒரே வீட்டில்கூட ஆகும்.

சுருக்கமாக: பிள்ளைக்கு எண்ணத் தெரியுமா என்று பார்க்க 'சொல்லு' என்று கேட்கக் கூடாது, 'கொடு' என்று கேட்க வேண்டும்.

## முதல் மூன்றைக் கண்ணே சொல்லிவிடும்

ஏன் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் தனித்தனியாக வந்து, அப்புறம் எல்லாம் சேர்ந்து வருகிறது?

மேசைமேல் மூன்று எலுமிச்சம்பழம் கிடந்தால் நாம் எண்ணுவதில்லை. பார்த்த மாத்திரத்தில் மூன்று என்று தெரிந்துவிடும். எட்டுக் கிடந்தால் தெரியாது. எண்ண வேண்டும், அல்லது நாலும் நாலுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று, நான்கு வரைக்கும் எண்ணாமலே தெரிகிற இந்தத் திறனை உடனறிதல் என்று சொல்லலாம். உளவியலில் 1949 முதல் இதற்குத் தனிப்பெயரே உண்டு. பேச்சு வராத குழந்தைகளிடமும் இதன் ஆரம்பம் இருக்கிறது. ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்க அவர்களால் முடியும்.

ஆக, சின்ன எண்களுக்குப் பிள்ளையிடம் இரண்டு வழி இருக்கிறது. கண் 'மூணு' என்கிறது. எண்ணிப் பார்த்தாலும் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று அதே சொல்லில் போய் முடிகிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான், "ஓகோ, எண்ணி முடிக்கிற சொல்தான் மொத்தம்" என்ற முடிவுக்குப் பிள்ளை வருகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கண்ணுக்கு எட்டாத ஐந்துக்கும் ஏழுக்கும் அந்த முடிவை அப்படியே நீட்டிக்கொள்கிறது.

நாம் வீட்டில் செய்யக்கூடிய ஆகச் சிறிய, ஆகப் பயனுள்ள காரியம் இங்கேதான் இருக்கிறது. எண்ணி முடித்ததும் நிறுத்திவிடாதீர்கள், மொத்தத்தை ஒருமுறை சொல்லுங்கள். தட்டில் இட்லி வைக்கும்போது, "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு இட்லி." அந்தக் கடைசி இரண்டு சொல்தான் பாடம். சொல்லும்போது கையைத் தட்டுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினால் இன்னும் நல்லது. 'மூணு' என்பது மூன்றாவது இட்லியின் பெயர் இல்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

விரலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடலாம். நம் பாட்டிகள் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார்கள். ஒரே கையில் பத்துக்கு மேல் போகலாம், மாத நாளோ ஜபமோ தப்பாது. பெரியவர்களுக்கு அருமையான முறை. ஆனால் சின்னப் பிள்ளைக்கு விரலை நீட்டிக் காட்டுவதுதான் நல்லது. நீட்டிய மூன்று விரல் மூன்றாகவே கண்ணில் தெரியும். கணுவில் எண்ணினால் மொத்தம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

## பரப்பி வைத்தால் கூடிவிடுமா?

தொகை விதி பிடிபட்ட பிறகும் ஒரு கோளாறு மிச்சமிருக்கும். ஆறு கொட்டையை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னொரு ஆறையும் வையுங்கள். "ரெண்டும் ஒண்ணா?" என்றால் நாலரை வயதுப் பிள்ளை "ஆமா" என்று சொல்லும். இப்போது பிள்ளை பார்க்கும்போதே கீழ் வரிசையைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்து மறுபடி கேளுங்கள். "இதுல நெறைய இருக்கு" என்று நீளமான வரிசையைக் காட்டும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பிரெஞ்சில் 1941-ல் வெளிவந்த நூலில் எழுதிய சோதனை இது. கூட்டாமல் குறைக்காமல் இடம் மட்டும் மாற்றினால் எண்ணிக்கை மாறாது என்ற அறிவுக்கு எண் மாறாமை என்று பெயர். ஆறேழு வயதுக்குள்தான் இது உறுதிப்படுகிறது என்றார் அவர்.

பிறகு 1974-ல் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் இதையே சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். பெரியவர் வரிசையைக் கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து 'தெரியாமல்' கலைத்துவிட்டுப் போகிறது. இந்தமுறை நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். பெரியவர் கலைத்தபோது அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

ஏன்? ஒரு பெரியவர் வேண்டுமென்றே ஏதோ செய்துவிட்டு, ஏற்கெனவே கேட்ட கேள்வியைத் திரும்பவும் கேட்கிறார் என்றால், "பதிலை மாத்தச் சொல்றாங்க போல" என்று பிள்ளை நினைக்கிறது. நம் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். "நல்லா பாத்து சொல்லு" என்றாலே பிள்ளை முதலில் சொன்ன பதில் தப்பு என்றுதான் அர்த்தம்.

அதனால் சோதிப்பதுபோல் கேட்பதைக் கூடிய மட்டும் குறையுங்கள். விடை தெரிந்தே கேட்கிற கேள்வியைப் பிள்ளை மோப்பம் பிடித்துவிடும். நமக்கு நிஜமாகவே தேவைப்படும்போது கேட்பதுதான் மேல். "சாப்பிட யார் யார் இருக்காங்க? எத்தனை தட்டு வைக்கணும்?" என்பது அப்படிப்பட்ட கேள்வி. ஒரு தட்டு குறைந்தால் அதற்கு யாரும் 'தப்பு' என்று சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவுக்குத் தட்டு இல்லாமல் போகும், பிள்ளையே ஓடிப்போய் எடுத்து வரும்.

## சமையலறைப் பேச்சு

சிகாகோ பகுதியில் சூசன் லெவீனும் அவர் குழுவினரும் 44 குழந்தைகளின் வீடுகளில் நடக்கும் பேச்சைப் பதிவு செய்தார்கள். குழந்தைக்கு 14 மாதம் தொடங்கி 30 மாதம் ஆகும் வரை, ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் எண் சொற்கள் 4 முறைதான் வந்தன. இன்னொரு வீட்டில் 257 முறை. பின்னர் அந்தப் பிள்ளைகள் நான்கு வயதை நெருங்கியபோது சோதித்தால், எண் பேச்சு அதிகம் கேட்டவர்களுக்குத் தொகையறிவும் கூடுதலாக இருந்தது. 2010-ல் வெளியான ஆய்வு இது. மறு வருடம் அதே பதிவுகளைத் துருவிப் பார்த்ததில், கண்முன் இருக்கிற பொருளைக் காட்டிச் சொன்ன எண்தான் உதவியிருக்கிறது என்றும், அதிலும் நான்கு முதல் பத்து வரையிலான கூட்டங்களைப் பற்றிப் பேசியது கூடுதலாக உதவியிருக்கிறது என்றும் தெரிந்தது.

அதாவது, காற்றில் சொல்கிற 'ஒன் டூ த்ரீ'க்கு மதிப்புக் குறைவு. 'இந்த அஞ்சு தக்காளி'க்கு மதிப்பு அதிகம். சமையலறையில் இதற்குப் பஞ்சமே இல்லை. பூண்டை உரிக்கும்போது பல் எத்தனை, குக்கர் எத்தனை விசில் என்று பேச்சோடு பேச்சாக வரும். விசிலை எண்ணுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, கொஞ்சம் கடினமானதும்கூட. கண்ணுக்குத் தெரியாத, வந்து போய்விடுகிற ஒன்றை எண்ண வேண்டியிருக்கிறதே.

பிள்ளை ஆறு கேட்டதற்கு எட்டு எடுத்து வந்தால், "தப்பு" என்பதற்குப் பதில், "வா, எண்ணிப் பாக்கலாம்" என்று சேர்ந்தே எண்ணுங்கள். ஆறில் நிறுத்துங்கள். "ஆறு ஆயிடுச்சு. இந்த ரெண்டும் அதிகமா இருக்கு, கூடையில போட்டுடு." ஆறு என்றால் ஆறில் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளை அந்த நிறுத்தத்தில்தான் கற்றுக்கொள்கிறது.

## வாசலிலும் மரத்தடியிலும்

வெளியே போனால் பொருளுக்குக் குறைவில்லை. ஆனால் எதைக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். வேப்பிலைக் கொத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னால் பெரியவர்களுக்கே அலுத்துவிடும்.

உடனறிதலுக்கு ஒரு காம்பில் மூன்று சிற்றிலை கொண்ட வில்வம், நான்கு இதழுள்ள இட்லிப்பூ நன்றாகப் பொருந்தும். ஒற்றை அடுக்குச் செம்பருத்தியும் ஒற்றை நந்தியாவட்டையும் ஐந்து. எண்ண வேண்டிய அளவு, ஆனால் சலிக்காத அளவு.

எனக்குப் பிடித்தது பவளமல்லி. விடியற்காலையில் மரத்தடியில் தானாகவே கொட்டிக் கிடக்கும், பறிக்க வேண்டாம், யாரும் திட்டவும் மாட்டார்கள். அதன் விசேஷம் என்னவென்றால் எல்லாப் பூவுக்கும் ஒரே எண்ணிக்கை இல்லை. பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு வரை இதழ் இருக்கும். பிள்ளையின் கையில் ஒரு பூவைக் கொடுங்கள். ஆரஞ்சுக் காம்பைப் பிடித்துக்கொண்டால் வெள்ளை இதழ்கள் காற்றாடிபோல் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். வட்டமாக இருப்பதால் எங்கே ஆரம்பித்தோம் என்பது மறந்து, ஆறிதழ்ப் பூவை எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கொண்டே போகும். ஆரம்பித்த இதழை நகத்தால் லேசாகக் கிள்ளி அடையாளம் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் தரையில் கோடு போட்டு, ஆறிதழ்ப் பூக்கள் இங்கே, ஏழிதழ் அங்கே என்று பிரிக்கலாம். எந்தக் கூட்டம் பெரியது என்று பார்க்கலாம். பிள்ளைக்கு அது விளையாட்டு. நடப்பது எண்ணுதல், வகைப்படுத்துதல், ஒப்பிடுதல் மூன்றும். பூ வெயிலில் வாடிவிடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

குற்றாலப் பக்கம் போனாலோ பழக்கடையில் கிடைத்தாலோ மங்குஸ்தான் ஒன்று வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு காரியத்துக்காகவே வாங்கலாம். பழத்தின் அடியில், காம்புக்கு எதிர்ப்பக்கம், பூவைப்போல ஒரு சின்ன அச்சு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. முதலில் அச்சை எண்ணச் சொல்லுங்கள். "அப்ப உள்ளே எத்தனை இருக்கும்?" என்று கேட்டுவிட்டு உடையுங்கள். எண்ணிப் பார்ப்பது ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதைப் பிள்ளை இதைவிட நன்றாக எதில் பார்க்கும்? விடையைத் தின்றும்விடலாம்.

பூச்சிகளில் எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. ஓடுகிற எறும்பின் காலை எண்ண முடியாது, சுவரோரம் அசையாமல் இருக்கும் சிலந்தியை எண்ணலாம். மரவட்டையைக் கண்டால் எண்ண முயன்று தோற்றுப்போவதும் நல்லதே. எண்ண முடியாத அளவு என்று ஒன்று இருக்கிறது என்பதும் தெரிய வேண்டியதுதானே.

வாசல் கோலத்தில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி என்று ஓரமாக ஓர் இடம் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தால், கோணல்மாணலாக இருந்தாலும் ஒரு வரிசையில் புள்ளி குறைந்தது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

## பல்லாங்குழி, பரமபதம்

பல்லாங்குழி ஆடுகிறவர் ஒரு குழியில் உள்ள காயை எல்லாம் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போகிறார். ஒரு குழிக்கு ஒரு காய். பந்தியில் பார்த்த அதே பொருத்துதல், கையாலேயே செய்வது. அத்தோடு பல ஊர்களில் ஆடும் முறையில், ஒரு குழியில் நாலு காய் சேர்ந்துவிட்டால் அதைப் 'பசு' என்று எடுத்துக்கொள்ளலாம். எதிராளி கவனிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்பதால் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. நாலைப் பார்த்ததும் தெரிய வேண்டும். உடனறிதலின் எல்லையில் சரியாக வந்து நிற்கிற எண் அது. பதினாலு குழி ஆட்டம் நாலு வயதுக்குப் புரியாது. ஒரு வரிசையை மட்டும் வைத்து, அள்ளிப் போட்டுக்கொண்டு போவதோடு விட்டுவிடலாம்.

பரமபதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் அமெரிக்காவில் பாலர் பள்ளிக் குழந்தைகளை, 1 முதல் 10 வரை எண் போட்ட நேர்க்கோட்டுப் பலகையில் ஆட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் நாலே தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போல. அதற்கே எண் அறிவு கண்கூடாக ஏறியது. எண் இல்லாமல் வண்ணம் மட்டும் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு ஏறவில்லை. 2008-ல் இதை வெளியிட்டார்கள். நகர்த்தும்போது எப்படி எண்ணுகிறோம் என்பதும் முக்கியம் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. காய் 5-ல் இருக்கிறது, இரண்டு விழுகிறது. 'ஒண்ணு, ரெண்டு' என்று நகர்த்துவதைவிடக் கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்து 'ஆறு, ஏழு' என்று நகர்த்துவதே பிள்ளைக்கு உதவுகிறது. வீட்டுப் பரமபதப் பலகை வளைந்து வளைந்து போவதால் சின்னவர்கள் திசை தெரியாமல் தடுமாறுவார்கள். சாக்பீஸால் தரையில் நேராகப் பத்துக் கட்டம் போட்டு, பிள்ளையையே காயாக நிறுத்தினால் போதும்.

காய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். குன்றிமணி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் விதையில் கொடிய நஞ்சு உண்டு, பிள்ளை கையில் வேண்டவே வேண்டாம். அரளி விதையும் அப்படியே. புளியங்கொட்டை நஞ்சில்லை, ஆனால் எதையும் வாயில் போட்டுக்கொள்கிற வயதில் தொண்டையில் சிக்கும். மூன்று வயதுக்குள் என்றால் எலுமிச்சம்பழம், உருளைக்கிழங்கு, கரண்டி, துணி கிளிப் என்று பெரிதாகவே இருக்கட்டும்.

## தமிழிலா, இங்கிலீஷிலா?

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. பள்ளியில் 'ஒன் டூ த்ரீ', வீட்டில் ஆச்சி 'ஒண்ணு ரெண்டு மூணு'. குழம்பிவிடுமோ என்று வீட்டிலும் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டு மொழி பேசும் குழந்தைகளிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய சின்ன எண்களின் பொருளைப் பிள்ளை ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகக் கற்க வேண்டியிருக்கிறது. 'மூணு' தெரிந்ததால் 'த்ரீ' தெரிந்துவிடாது. ஆனால் தொகை விதி அப்படியல்ல. ஒரு மொழியில் அது பிடிபட்டுவிட்டால், இன்னொரு மொழியில் எண் வரிசை தெரிந்திருந்தால் போதும், அங்கேயும் அப்படியே செல்லுபடியாகும். கடினமான வேலையை ஒருமுறை செய்தால் போதும். அதை வீட்டில் நாள் முழுக்க எந்த மொழியில் பேசுகிறோமோ அந்த மொழியில் செய்வது சுலபம். ஆச்சி வெற்றிலையைத் தமிழிலேயே எண்ணட்டும். பள்ளி இங்கிலீஷில் என்றால், 'த்ரீ' வரைக்கும் மட்டும் பொருளைக் காட்டித் தனியாக ஒருமுறை பழக்கிவிட்டால் மீதியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.